பன்னிரண்டு தறிக்கு நடுவே ஒரு வாத்தியம்

எனக்கு வீணை தெரியும். மங்கலத்தில் தறி ஓட்டும் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த ஒருத்திக்கு இதைவிட உதவாத வித்தை வேறொன்று இருக்க முடியாது. எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக் குடோன். அதில் பன்னிரண்டு விசைத்தறிகள். பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். குக்கர் விசிலைக்கூட நாங்கள் கண்ணால் பார்த்துத்தான் எண்ணுவோம்.

தறிக்காரர் வீட்டில் பேச்சு என்று ஒன்று கிடையாது. கத்தல்தான். கத்தியும் ஆகாவிட்டால் கைஜாடை, அதுவும் ஆகாவிட்டால் வாயசைவு. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நாங்க வேணா இன்னொரு நாளைக்கு வாரமுங்க, நீங்க சண்டைய முடிச்சுக்குங்க" என்று எழுந்துவிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் உள்ளே அவர்களுக்குக் காபி வைப்பதா டீ வைப்பதா என்று கலந்து பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

சேவூரில் என் அப்பாவுக்குத் தோட்டம். தக்காளியும் கத்தரியும் போட்டுக்கொண்டிருந்த மனுசனுக்கு மகளை வீணை படிக்க வைக்க வேண்டும் என்று எப்படித் தோன்றியதோ தெரியாது. எட்டு வருஷம் அவிநாசிக்கு பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டேன். கல்யாணத்தில் பீரோ, கட்டிலோடு அதுவும் வண்டியில் ஏறி வந்தது. வந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துபோயிற்று, இந்த வீட்டில் வீணை வாசிப்பதும் சும்மா விரலை ஆட்டுவதும் ஒன்றுதான் என்று. மடியில் வைத்து மீட்டினால் எனக்கே கேட்காது. அழுகையும் கோபமுமாக வந்தது. எனக்குக் கோபம் எப்போதுமே கொஞ்சம் சுருக்காக வந்துவிடும்.

ஆனால் மாதத்துக்கு ஒரு நாள் எங்கள் பக்கம் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். கல்யாணமான முதல் மாசம் அந்த நாளில் பன்னிரண்டு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். என் வீட்டுக்காரர் குடோனிலிருந்து வந்து, பஞ்சு ஒட்டிய தலையைத் தட்டிக்கொண்டே, "அந்தப் பொட்டிக்குள்ள என்னமோ வெச்சிருக்கறயே புள்ள, எடு. என்னதான் சத்தம் வருதுன்னு பாக்கலாம்" என்றார். வாசித்தேன். பத்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் இருந்தார். நல்லா இருக்குது, நல்லால்ல, ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொருக்கா" என்றார்.

அன்று தொடங்கி இருபத்தாறு வருஷமாக அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஊரே கரண்டு போகிற நாளைத் திட்டித் தீர்க்கும். என் வீட்டுக்காரர் மட்டும் பேப்பரில் அந்த அறிவிப்பைத் தேடிப் பிடித்து, கத்தரித்து, காலண்டரில் குத்தி வைப்பார். அந்த நாளில் முகச்சவரம் பண்ணிக்கொண்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நாற்காலியில் வந்து உட்காருவார். "எடு புள்ள" என்பார். எனக்கு இருந்த ஒரே சபை, ஒரே ரசிகர் அவர்தான். கழுத்து வரைக்கும் பெருமை எனக்கு.

போன வருஷம் ஆடிக் காற்று வீசிய ஒரு கரண்டு இல்லாத நாளில்தான் அது நடந்தது. மோகனம் வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டல் தாளத்துக்குச் சேரவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. விரல்களைத் தந்தியில் படாமல் மேலே மட்டும் ஓட்டினேன். வீட்டில் சத்தமே இல்லை. அவர் தலை ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு கண்ணைத் திறந்து என் விரல் ஓடுவதைப் பார்த்தார். மூடிக்கொண்டு, "ஆகா" என்றார்.

ஐயோ சாமி, அந்த "ஆகா" இருக்கிறதே! அதைக் கேட்டதும் எனக்கு அழுவதா, வீணையைத் தூக்கி அவர் தலையிலேயே போடுவதா என்று தெரியவில்லை. எத்தனை மாசமாக இப்படி என்னை ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்?

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். தறிச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்ற காது, கீச்சுச் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது, மற்றதும் பாதிக்குமேல் இல்லை என்றார். காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டோம். ஒரு நாள் குடோனுக்குள் மாட்டிக்கொண்டு போனார். "பன்னண்டு தறி நூறு தறி ஆயிருச்சு புள்ள" என்று கழற்றினார். அடுத்த கரண்டு இல்லாத நாளில் மாட்டிக்கொண்டு வீணைக்கு முன்னால் உட்கார்ந்தார். மூஞ்சி போன போக்கே சொல்லிற்று, தகரத்தில் ஆணியால் கீறுவது மாதிரி இருந்திருக்க வேண்டும். அதோடு அது டார்ச் லைட்டும் பழைய சாவியும் கிடக்கிற டிராயருக்குள் போயிற்று. கேட்டால், "எனக்கெல்லாம் நல்லாக் கேக்குது, நீங்கதான் இப்பல்லாம் மெதுவாப் பேசறீங்க" என்பார். எங்கள் வீட்டில்! மெதுவாக!

இந்த மனுசன் வாயிலிருந்து "கேக்கல" என்ற சொல் வரவே வராது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வீணைதானே கேட்கவில்லை? வேறு ஏதாவது கேட்கும் அல்லவா? உலகத்தில் எத்தனை வாத்தியம் இருக்கிறது! அவர் காதுக்குள் போகிற ஒன்றைக் கண்டுபிடித்து, கற்றுக்கொண்டு, அடுத்த கரண்டு இல்லாத நாளில் உட்கார்ந்து வாசித்தால் என்ன? நாற்பத்தெட்டு வயசில் எனக்கு இன்னொரு வாத்தியம்! நினைத்த உடனே காலில் சக்கரம் கட்டினாற்போல ஆகிவிட்டது. அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டேன்.

மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் காட்டி ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர். போன் போட்டேன்.

"கண்ணு, நான் இன்னொரு வாத்தியம் கத்துக்கப் போறேன். சும்மா, பொழுது போறதுக்கு. என்ன வாங்கலாம்?"

"அம்மா, கத்தாதே, ஆபீஸ்ல இருக்கறேன். பட்ஜெட் என்ன?"

"ரெண்டாயிரத்துக்குள்ள."

"அப்படின்னா உக்குலேலே வாங்கு. குட்டி கிட்டார் மாதிரி, நாலே தந்தி, கைக்கு அடக்கம். ஆன்லைன்ல போட்டுடறேன்."

"தொட்டுப் பாக்காம எப்படி வாங்கறது? நீ துணியத் தொட்டுப் பாக்காம வாங்குவயா?"

"சரி, நேர்ல போய் சாம்பிள் பாத்து அப்ரூவ் பண்ணு தாயே" என்று சிரித்தாள். உண்மையான காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். எனக்கு அப்போது அழுவதற்கு நேரமில்லை.

சாம்பிள் என்று அவள் சொன்னதுதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. போனை எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போய் தறிச் சத்தத்தை மூன்று நிமிஷம் பதிவு செய்தேன். எங்கள் வீட்டுச் சத்தத்தையே கடைக்குக் கொண்டுபோய், அதற்கு மேலே எந்த வாத்தியம் எழும்புகிறதோ அதை வாங்கிவிட்டால் தீர்ந்தது! என் மூளையை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடை திருப்பூரில், கீழே அட்டைப்பெட்டி விற்கும் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பனியன் கம்பெனிக்கு டெய்லராக வந்தவர், சர்ச்சில் ஆர்கன் வாசித்து வாசித்து அதுவே தொழிலாகிவிட்டதாம். மெதுவான குரல்.

"வாங்கம்மா. என்ன வாத்தியம் பாக்கிய?"

"எல்லாம் காட்டுங்க" என்றேன். கீழே அட்டைப்பெட்டிக் கடை ஆள் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். வழக்கமான குரலில்தான் சொன்னேன்.

உக்குலேலேயைக் கையில் கொடுத்தார். பஞ்சுப்பொதி மாதிரி எடையே இல்லை. வீட்டில் தறி ஓடும்போது பழகினால் எனக்கே கேட்க வேண்டும் என்று இருபத்தாறு வருஷமாக ஓங்கி மீட்டிப் பழகிய விரல். ஒரு இழு இழுத்தேன். படக்கென்று தந்தி அறுந்து அவர் கண்ணாடியில் அடித்தது.

"ஏம்மா, வாத்தியத்த மீட்டுதியளா, கோழி உரிக்கியளா?"

"மன்னிச்சுக்குங்க சாமி. தந்திக்குக் காசு சேத்திக்குங்க" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் என் போனை அவர் மேசை மீது வைத்து, தறிச் சத்தத்தை முழு வால்யூமில் போட்டேன். "இதுக்கு மேல எது கேக்குதோ அதுதானுங்க எனக்கு வேணும்" என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். ஆனால் தொழில் தெரிந்தவர்தான், ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக் காட்டினார். புல்லாங்குழல், தறிக்குள் போய்க் காணாமல் போயிற்று. சின்னக் கட்டையில் கம்பிகள் வைத்த கலிம்பா, மழைத்துளி மாதிரி என்ன அழகு, ஆனால் எங்கள் வீட்டில் அது இருப்பதே தெரியாது. மௌத் ஆர்கன் பாதி கேட்டது. கடைசியில் குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டே கட்டை அழுத்தி வாசிக்கும் மெலோடிகாவை எடுத்தார். அடேங்கப்பா! தறிச் சத்தத்தைப் பிளந்துகொண்டு வந்தது பீ என்று. கீழே அட்டைப்பெட்டிக் கடை ஆள் மறுபடி வந்து எட்டிப் பார்த்தான்.

"இதேதான்! இதக் குடுங்க!"

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் மனசு வாசித்துக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குடோனுக்குப் போனேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்தாம் தறியின் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையைப் பதித்து நின்றிருந்தார். முன்னெல்லாம் தூரத்தில் நின்றே, சத்தத்தை வைத்தே எந்தத் தறிக்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவார். இப்போது ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுப் பார்க்கிறார். கேட்டால், கையில்தான் இன்னும் நல்லாத் தெரியுது என்பார்.

நான் அவருக்குப் பின்னால் நின்று மூச்சை முட்ட இழுத்து ஊதினேன். ஒன்றாம் தறியில் நின்ற ஆள் திரும்பினான். பன்னிரண்டாம் தறியில் நின்றவனும் திரும்பினான். பாவு நூல் பிணைக்க வந்திருந்த அம்மா காதைப் பொத்தினாள். என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. மறுபடி ஊதினேன், கழுத்து நரம்பு புடைக்க ஊதினேன். தற்செயலாகத் திரும்பியவர் என்னைப் பார்த்து, அந்தக் குழாயைப் பார்த்து, "அடுப்பு ஊதறதுக்கு இத்தனை கலர்ல வாங்கிட்டு வந்தயா புள்ள?" என்றார்.

அட கெரகமே! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் தெளிவாகச் சொன்னாரே, கீச்சுச் சத்தம்தான் போனது என்று. தறிக்காரி புத்தி! கேட்கவில்லையா, இன்னும் கத்து, அதுவும் கேட்கவில்லையா, இன்னும் ஓங்கிக் கத்து. வாழ்நாள் முழுக்க அதையே செய்த புத்திக்கு வேறென்ன தோன்றும்? சத்தம் பெரிசாக இருந்தால் கேட்டுவிடும் என்று நினைத்து, அவர் காதில் எது இல்லையோ அதையே தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறேன். என்மேலேயே வந்த கோபத்தில் அன்று சப்பாத்தி மாவை அடி அடி என்று அடித்தேன். மாவு நன்றாகத்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து மெலோடிகாவைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். இந்தத் தடவை போனை எடுக்கவில்லை. கடைக்காரர், "யாருக்கும்மா வாங்குதிய? அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மகளிடம்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாத மனுசனிடம் சொன்னேன். விரலைச் சும்மா ஓட்டியதையும், அவர் "ஆகா" என்றதையும் சொன்னேன். கடைக்காரர் எழுந்து போய், ஒரு டிராயரைத் திறந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புச் சாமானை எடுத்து வந்தார். வளையம் மாதிரி ஒன்று, அதன் நடுவே நீண்ட நாக்கு. மோர்சிங்.

"பல்லுல வச்சு, இந்த நாக்கத் தட்டிப் பாருங்க. பல்ல லேசாத் தெறந்து வச்சுக்கிடணும். மெதுவா. ஒங்க கைய நெனச்சா எனக்குப் பயமா இருக்கு."

முதல் தட்டு பல்லிலேயே பட்டது. ஜிவ்வென்று மூளை வரைக்கும் ஏறியது. இரண்டாவது தட்டில், ஐயோ, எப்படிச் சொல்வேன்! என் மண்டைக்குள்ளேயே யாரோ வீணையின் அடித் தந்தியை மீட்டின மாதிரி இருந்தது. வெளியிலிருந்து வந்த சத்தமே இல்லை அது. தாடையில் பிறந்து, கன்னத்தில் ஏறி, காதை உள்பக்கமிருந்து வந்து தட்டியது. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வாயோரம் எச்சிலும் ஒழுகியது. துடைக்கவும் தோன்றவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். வாயைக் குவித்தால் ஒரு சுரம், விரித்தால் வேறொன்று. நாற்பத்தெட்டு வயசில் பம்பரம் கிடைத்த சின்னப் பிள்ளை ஆகிவிட்டேன்.

"எலும்பு வழியாக் கேக்குது. இத வாசிக்கிறவுகளுக்குத்தான் முழுசாக் கேக்கும், பாத்துக்கிடுங்க. எதுக்க இருக்கிறவுகளுக்கு அவ்வளவா இருக்காது" என்றார் கடைக்காரர்.

அது ஒரு நிமிஷம் உறைத்தது. நான் வாசித்தால் எனக்குத்தானே கேட்கும்? அவருக்கென்று தேடி வந்தவள் எனக்கென்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஆனாலும் கீழே வைக்க மனசு வரவில்லை, சத்தியமாக வரவில்லை. மெலோடிகாவைக் கொடுத்து அதை வாங்கினேன். மிச்சம் நிறையவே வந்தது.

அடுத்த மூன்று வாரம் என் வாழ்க்கையிலேயே குஷியான நாட்கள் என்று சொல்வேன். மூன்றாம் தறிக்கும் நான்காம் தறிக்கும் நடுவில், ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். பன்னிரண்டு தறியும் முழங்கும். நடுவில் என் மோர்சிங் எனக்குத் துல்லியமாகக் கேட்கும்! இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தறிச் சத்தத்துக்கு நடுவே நான் வாசித்ததை நான் கேட்டது அப்போதுதான். எதிரியாக நினைத்திருந்த தறியே தாளம் போட்டுக் கொடுத்தது. மூன்றாம் தறி கொஞ்சம் மந்தம், நான்காம் தறிக்கு அவசரம். இரண்டுக்கும் நடுவில் புகுந்து விளையாடினேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் யாருக்கும் ஒரு சத்தமும் எட்டாது. கன்னத்தில் கை வைத்து, வாயில் விரலை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளைதான் தெரிவாள்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கிராம்புத் தைலம் வாங்கி வந்து நீட்டினார். பல் வலி என்று நினைத்துவிட்டார். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். என்ன சொல்வது? உங்களுக்காகப் போனேன், எனக்கு வாங்கி வந்துவிட்டேன் என்றா? தினமும் அந்தக் குறுகுறுப்பு இருந்துகொண்டேதான் இருந்தது. வாசித்து முடித்து நிமிர்ந்தால் தறிச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவர் நிற்பார். எனக்கு மட்டும் பாயசம் வைத்துக் குடித்தவள் மாதிரி இருக்கும். இரண்டாவது வாரம் அவர் பல் டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்கிவிட்டார். "கரண்டு நிறுத்தற நாளுக்கு அடுத்த நா. தப்பிக்கப் பாக்காத" என்றார். தன் காதுக்கு ஒரு வார்த்தை ஒத்துக்கொள்ளாத மனுசன், என் பல்லுக்குத் துடிக்கிறார். கோபப்படுவதா கொஞ்சுவதா?

கரண்டு நிறுத்தும் நாள் வந்தது. ஒன்பது மணிக்குத் தறிகள் ஒன்றொன்றாக அடங்கின. அவர் முகச்சவரம் பண்ணி, வெளுத்த வேட்டியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடத் தயாராக, "எடு புள்ள" என்றார்.

வீணை உறையில்லாமல் பாயில் இருந்தது. நான் அதன் பக்கம் போகவில்லை. "எடுக்கறேன். மொதல்ல நீங்க வாயத் தொறங்க" என்றேன், அவருக்குத் தெரியும்படி உதட்டை நன்றாக அசைத்து.

"எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குது. வலி உனக்குத்தான்."

"தொறங்கன்னா தொறங்க மாமா!"

திறந்தார். மோர்சிங்கைக் கழுவித் துடைத்து அவர் பல்லில் வைத்து, அவர் கையையே பிடித்து அழுத்திக்கொடுத்து, அதன் இரும்பு நாக்கைத் தட்டினேன்.

அவர் கண் இரண்டும் இப்படி விரிந்து நான் பார்த்ததே இல்லை. மோர்சிங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி தானே பல்லில் வைத்தார். தானே தட்டினார். தட்டத் தட்ட எச்சில் தாடையில் வழிந்து வெளுத்த வேட்டியில் சொட்டியது. கவலையே படவில்லை. தன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "உள்ளுக்குள்ள கேக்குது புள்ள! மண்டைக்குள்ள!" என்று கத்தினார். நான் சிரித்தேன், கைதட்டினேன், ஏதோ பரீட்சையில் பாஸானவள் மாதிரி குதித்தேன்.

ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "எனக்குக் கொஞ்ச நாளாவே நீ வாசிக்கறது கேக்கறதில்ல புள்ள" என்றார். அந்தச் சொல் ஒருவழியாக வெளியே வந்துவிட்டது.

"தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"நான் வாசிக்காதப்பவும் தலையாட்டுனீங்களே."

அவர் முகம் சுருங்கிற்று. "நீ ஆசையா உக்காந்திருப்பே. வேண்டாம்னு சொல்ல வாய் வரல" என்றார். இத்தனை மாசம் அவர் என்னை ஏமாற்றியதாக நினைத்தேனே! அவருக்காக நான் வாசித்துக்கொண்டிருந்தேன், எனக்காக அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் நாற்காலியில் இல்லை. பாயில் வீணைக்கு எதிரே குத்தவைத்திருந்தார். தறியைத் தொடுவது மாதிரி உள்ளங்கையை வீணையின் குடத்தின் மேல் பதித்து, "வாசி" என்றார். நானும் வீணையிடம் உட்கார்ந்து ஒரு தந்தியை மீட்டினேன். யோசித்தார். கையை எடுத்தார். கையில் இருந்த மோர்சிங்கைப் பார்த்தார், வீணையைப் பார்த்தார். அப்புறம் மெல்லக் குப்புறப் படுத்து, புதிதாகச் சிரைத்த தாடையைக் குடத்தின் மரத்தில் அழுந்த வைத்தார். என் முழங்காலுக்குப் பக்கத்தில் அவர் தலை. நரைத்த முடியில் எங்கோ ஒரு பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

மோகனம் வாசித்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தாடை மரத்தில் இருந்ததால் தலையாட்டவும் வழியில்லை, ஆகா சொல்லவும் வழியில்லை. கேட்கிறதா, இல்லை இதுவும் எனக்காகத்தானா? பொறுக்க முடியவில்லை. அன்றைக்குப் போலவே, நடுவில், விரல்களைத் தந்தியில் படாமல் மேலே மட்டும் ஓட்டினேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏம் புள்ள நிறுத்திட்ட?" என்று கத்தினார்.